விரல்கள் அறியும் சேதி

கண் போனால் உலகம் இருட்டு. காது போனால் உலகம் ஊமை. இது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால், தொடும் உணர்வு போனால் என்னவாகும் என்று கேட்டால் பெரியவர்களே சற்று விழிக்கிறோம். அப்படி ஒன்று போய்விடக்கூடும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை அல்லவா?

நம் முன்னோர் இதை அவ்வளவு எளிதாக எண்ணவில்லை. தொல்காப்பியர் உயிர்களை அறிவின்படி ஆறு வகையாகப் பிரித்தபோது, முதல் அறிவாக வைத்தது தொட்டு உணரும் அறிவைத்தான். சுவை, மணம், பார்வை, கேள்வி, மனம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையில் வந்து நிற்கின்றன. ஐம்பொறிகளைச் சொல்லும்போதும் மெய்யைத்தான் முதலில் சொல்கிறோம். மெய் என்றால் உடம்பு; மெய் என்றால் உண்மை. கண் ஏமாறலாம், காது ஏமாறலாம், தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதனால்தான் போலும்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். அந்த மங்கிய வெளிச்சத்தில் கண் பாதி வேலைதான் செய்யும். மீதியைச் செய்தவை விரல்கள். முதல் நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்தெடுக்க வேண்டும். பிறகு பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி மேலோடு போனால் பால் இறங்காது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், கங்காணியின் வாயிலும் விழ வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை அளக்க ஏது கருவி? கத்தி முனையில் நடப்பது கைப்பிடி வழியாக விரலுக்கு வந்தது; விரல் சொல்ல, கை நின்றது. என் தாயார் முப்பது ஆண்டுகள் இப்படி வெட்டியவர். "மரம் பேசும், கையாலே கேட்டுக்கணும்" என்று அவர் சொல்வார்.

நம் உள்ளங்கையிலும் விரல்களிலும் அழுத்தத்தையும் அதிர்வையும் அறியும் நுண்ணிய நரம்பு முனைகள் ஏறத்தாழ 17,000 இருப்பதாக, 1979-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். விரல் நுனியில்தான் அவை மிகவும் நெருக்கம். அவர்களில் ஒருவர் ஒரு பெண்ணின் விரல் நுனிகளை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்து, ஒரு தீக்குச்சியைக் கிழிக்கச் சொன்னார். கை நன்றாக அசைந்தது, கண்ணும் நன்றாகத் தெரிந்தது. ஆயினும் சில விநாடிகளில் முடிய வேண்டிய அந்தச் சிறு வேலைக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. குச்சி நழுவியது, விழுந்தது, மீண்டும் எடுத்தார், மீண்டும் நழுவியது. கைக்கு வலிமை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு எங்கள் லயத்து மாமா ஒருவர்தான் காரணம். சொந்த மாமா அல்லர். ஆனால் லயத்தில் எல்லாரும் சொந்தம்தானே. 1988-ஆம் ஆண்டு, நான் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, தோட்டத்து ஸ்டோரில் ஷீட் ஓட்டும் மிஷினில் அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. உருளைகளுக்கு முன் இருக்க வேண்டிய தடுப்பு கழன்று பல நாளாகியும் மாட்டப்படவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்றும் என் காதில் இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு அவருக்கு ஒரு செயற்கைக் கை கிடைத்தது. தோளில் வார் மாட்டி, தோளை அசைத்தால் கம்பி இழுத்து, முனையில் உள்ள கொக்கி திறந்து மூடும் வகை. மாமா அதைச் சில மாதங்கள் போட்டுப் பார்த்தார். பிறகு அது தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஏன் போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"அம்மாடி, அது பிடிக்கும். ஆனா பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லாது. கண்ணாலே பார்த்துக்கிட்டே இருக்கணும். சந்தைக்குப் போறப்போ பேத்தி அதைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா, புள்ள கையை விட்டுட்டாளா, கூடத்தான் வர்றாளான்னு நான் திரும்பித் திரும்பிப் பார்க்கணும்" என்றார்.

செயற்கைக் கையின் குறை இன்னதென்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

மாமாவுக்கு இன்னொரு துன்பமும் இருந்தது. இல்லாத கை இரவில் வலித்தது. விரல்கள் இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவதாகச் சொல்வார். இல்லாத கைக்கு ஏது நகம்? காற்று சேட்டை என்றார்கள் சிலர். வேப்பிலை அடித்தார்கள், தாயத்தும் கட்டினார்கள்.

இந்தப் புதிரை அவிழ்ப்பதில் பெரும்பங்கு ஒரு தமிழருக்கு உண்டு என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கிய டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன்தான் அவர். கை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, அவர் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். அந்த மனிதரோ, இல்லாத தம் கட்டைவிரலை யாரோ தொடுவதாகச் சொன்னார். மூளையில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கைக்குரிய இடத்துக்கு அடுத்த வீடு முகத்துக்குரியது. கை போன பிறகு அதன் வீடு காலியாகக் கிடப்பதில்லை. அடுத்த வீட்டுச் சேதி சுவர் தாண்டி வந்துவிடுகிறது. கை போனாலும் மூளையில் கையின் வீடு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அவர் செய்த வைத்தியம் இன்னும் வேடிக்கையானது. ஒரு பெட்டியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கை திரும்பி வந்தது போல் காட்டும். இருக்கும் கையை விரித்தால், மூடிக் கிடந்த அந்த இல்லாத கையும் விரிவதாகப் பலர் உணர்ந்தார்கள், வலியும் தணிந்தது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. நம் மாமாவுக்கு, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியம் பார்ப்பவர் சொல்லிக்கொடுத்தபடி செய்ததில், சில இரவுகள் நிம்மதியான உறக்கம் கிடைத்தது. முப்பது ஆண்டு வலிக்கு அதுவே பெரிது.

இனி இதற்கு நேர்மாறான ஒரு கதைக்கு வருவோம். கை இல்லாமல் உணர்வு மட்டும் இருப்பது ஒரு துன்பம். கை இருந்தும் உணர்வில்லாமல் போவது அதைவிடப் பெரிய துன்பம். இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன இடம் தமிழ்நாட்டு வேலூர்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுந்துவிடுகின்றன என்றே அப்போது உலகம் நம்பிக்கொண்டிருந்தது. பிராண்ட் அந்தக் கைகளைப் பொறுமையாகக் கவனித்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாமல் நின்றபோது, ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். என்ன வலிமை என்று வியந்து பார்த்தால், அவன் விரலில் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை! இரவில் எலி வந்து விரலைக் கடித்தாலும் தூங்குகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. ஆகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். நோய் நரம்பைக் கொல்கிறது, நரம்பு செத்தபின் சூடும் வெட்டும் தெரிவதில்லை, தெரியாத காயங்கள்தாம் விரல்களைத் தின்கின்றன என்று பிராண்ட் கண்டார்.

மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து, நல்ல தசைநாரை எடுத்து வேறிடத்தில் பொருத்தி, மறுபடியும் அசைய வைத்தார். பிச்சை எடுத்தவர்கள் தச்சு வேலை கற்றார்கள். ஆனால் அசைவைக் கொடுக்க முடிந்த அவரால் உணர்வைக் கொடுக்க முடியவில்லை. அதனால் தினமும் கையையும் காலையும் கண்ணால் சோதிக்கும் பழக்கத்தை ஒரு பாடமாகவே கற்பித்தார்.

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒரு துணிச்சலான முயற்சியில் இறங்கினார். அழுத்தத்தை அறியும் சிறு கருவிகளைக் கையுறையில் பொருத்தி, அழுத்தம் மிகுந்தால் எச்சரிக்கும்படி செய்தார். முதலில் காதில் ஒலி கேட்கச் செய்தார்கள். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரியச் செய்தார்கள், அதையும் பொருட்படுத்தவில்லை. பிறகு, உணர்வு மிச்சமிருந்த அக்குளில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? கடினமான வேலை செய்ய வேண்டி வந்தால், அவர்கள் முதலில் அந்தக் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடியும் போட்டுக்கொண்டார்கள்! விரலில் நடப்பதை அக்குளில் யாரோ தட்டிச் சொன்னால், மனம் அதைத் தன்னுடையதாக ஏற்பதில்லை. பல ஆண்டு உழைப்புக்குப் பின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2003-இல் பிராண்ட் காலமானார்.

அந்தத் தோல்வியிலிருந்து நமக்கு ஓர் உண்மை விளங்குகிறது. தொழுநோயாளிக்குக் கை இருக்கிறது, நரம்பு செத்துவிட்டது. விபத்தில் கை இழந்தவருக்கோ கை இல்லை, ஆனால் துண்டித்த இடம் வரை நரம்பு உயிரோடு இருக்கிறது. தபால்காரர் தயாராக நிற்கிறார். கடிதம் போடத்தான் ஆளில்லை. செயற்கைக் கையின் விரலில் உணர்கருவியை வைத்து, அது சொல்லும் சேதியை மெல்லிய மின்துடிப்பாக அந்த நரம்பிலேயே செலுத்தினால் என்ன? அப்போது மூளை, "என் விரலில் படுகிறது" என்றுதானே எண்ணும்!

அப்படியேதான் நடந்தது. வாணவெடி விபத்தில் இடது கையை இழந்த டென்மார்க் நாட்டவர் ஒருவருக்கு, 2013-இல் ரோம் நகர மருத்துவமனையில், மேற்கை நரம்புகளுக்குள் தலைமுடி போன்ற மின்முனைகளை வைத்தார்கள். கண்ணையும் காதையும் மூடிவிட்டுப் பொருள்களைக் கொடுத்தபோது, இது உருண்டை, இது நீளம், இது கெட்டி, இது மெத்தென்றிருக்கிறது என்று அவர் சொன்னார். கை போய் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொட்டறிந்தார். 2014-இல் இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கே நம் மாமாவைப் போலவே தொழிற்சாலை விபத்தில் வலது கையை இழந்த ஒருவர், உணர்வூட்டிய செயற்கைக் கையால் செர்ரிப் பழத்தை நசுக்காமல் பிடித்துக் காம்பைக் கிள்ளினார். உணர்வை நிறுத்திவிட்டுச் செய்யச் சொன்னால் பழம் கூழாயிற்று. இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது வேறொன்று: உணர்வு திரும்பிய பிறகு, இல்லாத கையின் வலி அவருக்குப் பெருமளவு தணிந்துவிட்டது. கேட்பாரற்றுக் கிடந்த நரம்புக்குச் செய்தி கிடைத்ததும் அது புலம்புவதை நிறுத்திவிட்டது போலும்!

2019-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவர் இத்தகைய கையால் முட்டையை உடையாமல் எடுத்தார், கொத்திலிருந்து திராட்சையைப் பறித்தார், பிறகு தம் மனைவியின் கையைப் பற்றி அதை உணர்ந்தார். இந்தப் பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பேத்தியின் கையைப் பற்றி மாமா சொன்னதும் இதைத்தானே?

வலியைக் கூடத் திரும்பக் கொடுக்க முயல்கிறார்கள். இந்தியாவில் பிறந்த பேராசிரியர் நிதிஷ் தாக்கோர் என்பவரின் குழுவினர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செயற்கை விரலுக்கு ஒரு மின்தோல் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். கூரான பொருள் பட்டால் அது சுருக்கென்று உறுத்தும். கை தானே பொருளை விட்டுவிடும். வலியைப் போக்கத்தான் வைத்தியம் என்று நினைத்திருந்தோம். வலியை உண்டாக்கவும் வைத்தியம் தேவைப்படுகிறது! அந்தத் தோல் எதனால் ஆனது என்கிறீர்கள்? துணியும் ரப்பரும் சேர்ந்த அடுக்குகளால். கை இழந்தவருக்குத் தொடும் உணர்வைக் கொடுக்க வந்ததும் ரப்பர்தான் என்று படித்தபோது, ஷீட் ஓட்டும் அந்த மிஷின்தான் என் நினைவுக்கு வந்தது.

ரப்பருக்கு இப்படி ஒரு புண்ணியம் முன்பே உண்டு. 1968-இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில், இராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரால் ஒரு செயற்கைப் பாதம் செய்தார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குந்த முடியாது, வயலில் இறங்க முடியாது. ஜெய்ப்பூர் கால் போட்டவர் வெறுங்காலோடு நடப்பார், தரையில் அமர்வார், சேற்றிலும் இறங்குவார். ஏழையின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்த உறுப்பு அது. தொட்டறியும் கையும் என்றாவது ஒருநாள் அப்படி எளிதாகக் கிடைக்க வேண்டும்.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நரம்போடு இணைத்த தொட்டறியும் கை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துப் பொருள்தான். அறுவை செய்து மின்முனைகளை நரம்பில் வைக்க வேண்டும், செலவும் பெரிது. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வாங்கிவர இன்று முடியாது. இன்று முடிந்தவற்றை அறிந்து வைப்போம். வேலையில் விபத்து என்றால் காலம் தாழ்த்தாமல் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளி உறுப்பை இழந்தால், பணத்தோடு செயற்கை உறுப்பும் மறுவாழ்வுப் பயிற்சியும் பெற அதில் வழியுண்டு. மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஈப்போ மேரு ராயாவிலும் சொக்சோவின் பெரிய மறுவாழ்வு மையம் எழுந்திருக்கிறது. தகரப் பெட்டியில் தூங்கும் பழைய கையோடு திருப்தி அடைய வேண்டியதில்லை. பிடிக்காத கருவியைப் பிடிக்கவில்லை என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னால்தான் செய்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். தொடும் உணர்வை இழந்தவர்கள் எங்கோ இருப்பவர்கள் அல்லர். நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். இனிப்பு நீர் நம் இந்திய சமுதாயத்தில் மிக அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். அது கட்டுக்கடங்காமல் போனால் காலின் நரம்புகளை மெதுவாகக் கொல்லும். வேலூரில் அந்தச் சிறுவனின் விரலுக்கு நேர்ந்தது, இன்று தாமான் வீடுகளில் நம் அப்பா அம்மாவின் பாதத்துக்கு நேர்கிறது. பால் பிராண்டும் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடத்தையே பின்னாளில் இனிப்பு நீர்க்காரர்களின் கால்களைக் காக்கப் பயன்படுத்தினார்.

நம் மாமாவுக்கும் சில ஆண்டுகளாக இனிப்பு நீர். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை சிமெண்டுத் தரையில் சிவப்புத் தடம் பதிந்திருப்பதைப் பேத்திதான் பார்த்தாள். சிலிப்பரைத் துளைத்த ஆணி ஒன்று காலையிலிருந்து அவர் பாதத்தில் இருந்திருக்கிறது. மாமாவுக்கு வலிக்கவே இல்லை. அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போனதால் கால் பிழைத்தது. "கைதான் போச்சு, காலாவது சேதி சொல்லும்னு இருந்தேன், அதுவும் வாயை மூடிக்கிச்சு" என்றார் அவர். அன்று முதல் பேத்தி இரவுதோறும் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து, தாத்தாவின் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருகிறாள். என் வகுப்பில் அவள் கணக்கில் கெட்டிக்காரி. பெரியவளானதும் தொட்டறியும் கை செய்யப் போவதாகச் சொல்கிறாள். செய்யட்டும், அவளைப் போன்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இருந்தால், அவர்கள் கால் மரத்துப்போவதாகவோ எறும்பு ஊர்வதாகவோ சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று சோதிப்பார்கள், வலியில்லாத சோதனை. வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சிலிப்பர் மாட்டும் முன் உள்ளே கல்லோ ஆணியோ உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கவிடாமல் நீங்கள் பார்த்துக் கொடுங்கள். உடம்பில் வெளுத்த, உணர்ச்சியற்ற தழும்பு தோன்றினாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தொழுநோய் இன்று மாத்திரையால் முழுதும் குணமாகும் நோய்.

இல்லாத கைக்கு உணர்வைக் கொடுக்க உலகத்து மேதைகள் எத்தனையோ ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். இருக்கும் காலின் உணர்வைக் காப்பாற்ற ஒரு சிறு கண்ணாடியும், பார்க்க ஒரு பிள்ளையும் போதும். இன்றிரவே தொடங்குங்கள்.